லாஃப்ட் மாற்றத்தின்போது பொதுப் புகைபோக்கியை அகற்றுதல்: இங்கிலாந்தின் வரிசை வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

லண்டனில் ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்டு, டூட்டிங் போன்ற பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் வாங்கிக் குடியிருக்கும் வீடுகளில் பல, நூறு ஆண்டுகளுக்கு முன்பு கட்டப்பட்ட வரிசை வீடுகள். பிள்ளைகள் வளர்ந்து இடம் போதாமல் போகும்போது, வீட்டை விற்று வேறிடம் போவதை விட, கூரைக்கடியில் சும்மா கிடக்கும் லாஃப்டைப் படுக்கையறையாக மாற்றிக்கொள்வது மேல் என்று முடிவெடுக்கிறார்கள். அளவெடுக்க வருபவர் ஏணியில் ஏறித் தலையை நீட்டியதும் அவர் கண்ணில் படுவது, பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து துருத்திக்கொண்டு கூரையைத் துளைத்து மேலே போகும் செங்கல் தூண். கட்டில் போட வேண்டிய இடத்தில் அது நிற்கிறது. இடித்துவிடலாம் என்று பில்டர் சொல்லும்போது அது ஓரிரு நாள் வேலையாகத்தான் தோன்றும். ஆனால் அந்தத் தூணில் ஒரு பாதி அண்டை வீட்டாருடையது. அதற்குள் ஓடும் வழிகளில் சில இன்றைக்கும் அவர்கள் வீட்டுப் புகையை வெளியேற்றிக்கொண்டிருக்கலாம். ஆகவே இந்த வேலையில் சுத்தியலை எடுப்பது கடைசிப் படி. அதற்கு முந்தைய படிகளை வரிசை மாற்றாமல் முடிக்க வேண்டும்.

இங்கே சொல்லப்படும் சட்ட விவரங்கள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. கட்டட விதிகளைப் பற்றிச் சொல்வன இங்கிலாந்தின் விதிகள். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் பொதுச் சுவர்ச் சட்டம் கிடையாது.

தூணுக்குள் என்ன இருக்கிறது

வேலையாட்கள் மூன்று சொற்களைப் பயன்படுத்துவார்கள். அறைக்குள் சுவரிலிருந்து துருத்தி நிற்கும் பகுதி பிரெஸ்ட். கூரைக்கு மேலே தெரியும் பகுதி ஸ்டாக். இரண்டுக்கும் உள்ளே அடுப்பிலிருந்து வானம் வரை ஓடும் புகைவழி ஃப்ளூ. பழைய வீடுகளில் ஒவ்வோர் அடுப்புக்கும் தனித்தனி ஃப்ளூ இருக்கும். பெரும்பாலும் ஒன்பது அங்குலச் சதுரம். கீழ்த்தளத்து முன்னறையிலிருந்து கிளம்பும் ஃப்ளூ, மாடியறை அடுப்பைச் சுற்றி வளைந்து சென்று மேலே மற்றவற்றோடு அணிவகுக்கும். இரு ஃப்ளூக்களுக்கு நடுவே இருப்பது அரைச் செங்கல் கனமுள்ள ஒரு மெல்லிய தடுப்பு மட்டுமே. அதன் இரு பக்கமும் சுண்ணாம்புக் கலவையால் பூசப்பட்டிருக்கும். நூறாண்டுக் கரியையும் அமிலத்தையும் குடித்து அந்தப் பூச்சு பல இடங்களில் உதிர்ந்திருக்கும்.

இரு வீட்டு அடுப்புகளும் முதுகோடு முதுகு ஒட்டியிருப்பதால், எட்டு ஃப்ளூக்கள் ஒரே ஸ்டாக்கில் சேர்ந்து நிற்பதுண்டு. எல்லைக்கோடு அந்த ஸ்டாக்கின் நடுவே நேராகப் போகிறது என்று வரைபடம் சொல்லும். செங்கல் அந்தக் கோட்டை மதித்துக் கட்டப்பட்டிருக்கும் என்று எண்ண வேண்டாம். அண்டை வீட்டு ஃப்ளூ உங்கள் பக்கமாகச் சாய்ந்து வந்து உங்கள் லாஃப்டில் நிற்கும் பிரெஸ்டுக்குள்ளேயே ஏறுவது அரிதான காட்சி அன்று.

எடையையும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். கூரைக்கு மேலே 1.1 மீட்டர் அகலம், 0.9 மீட்டர் ஆழம், 1.8 மீட்டர் உயரமுள்ள ஸ்டாக்கில் நான்கு ஃப்ளூக்களின் வெற்றிடத்தைக் கழித்தால் ஏறக்குறைய 1.4 கன மீட்டர் செங்கற்கட்டு எஞ்சும். அதன் எடை இரண்டரை டன்னுக்கு மேல். லாஃப்டுக்குள் நிற்கும் பிரெஸ்டின் எடை இதில் சேரவில்லை.

முதல் வேலை: எந்த ஃப்ளூ யாருடையது

வரைபடத்துக்கும் பில்டரின் மதிப்பீட்டுக்கும் முன்பே செய்ய வேண்டியது இது. அனுபவமுள்ள புகைபோக்கி துப்புரவாளர் ஒருவரை அமர்த்தி, இரு வீடுகளிலும் உள்ள எல்லா அடுப்புத் துளைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். மூடிப் பூசப்பட்டவையும் இதில் அடங்கும். சிறு கேமராவைக் கீழிருந்து மேலே செலுத்தினால் வளைவுகளும் உடைந்த தடுப்புகளும் தெரியும். பிறகு புகைச் சோதனை: ஓர் அடுப்பில் புகைக்குளிகையைக் கொளுத்தி, மேலே எந்தச் சுடுமண் குழலிலிருந்து புகை வருகிறது என்று பார்ப்பார்கள். அதே நேரத்தில் ஒருவர் லாஃப்டில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பிரெஸ்டின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து நிற்க வேண்டும். கலவை உதிர்ந்த இணைப்புகளில் புகை நூல் நூலாகக் கசிவது அந்தச் சாய்வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும். புகை அண்டை வீட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தால் நடுத்தடுப்பு உடைந்திருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையின் படங்களையும் குறிப்புகளையும் தேதியுடன் பத்திரப்படுத்துங்கள். வேலை முடிந்ததும் மீண்டும் ஒரு சோதனை நடத்தி இவற்றோடு ஒப்பிட வேண்டியிருக்கும்.

எந்த ஃப்ளூ உயிரோடு இருக்கிறது என்பதை அண்டை வீட்டாரின் நினைவை மட்டும் நம்பித் தீர்மானிக்கக் கூடாது. 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு நகரங்களில் நிலக்கரி அடுப்புகள் படிப்படியாக மறைந்தன. 2005 ஏப்ரலிலிருந்து புதிய எரிவாயு பாய்லர்கள் பொதுவாகக் கண்டென்சிங் வகையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. இவை புகையின் வெப்பத்தையும் மீட்டெடுக்கும் வகை. அதன்பின் பாய்லர் புகை பெரும்பாலும் சுவர்வழியாகவே வெளியேறுகிறது. அதனால் பல ஃப்ளூக்கள் செத்தவைதாம். ஆனாலும் முன்னறையில் பழைய எரிவாயு அடுப்பு ஒன்று இன்னும் இணைப்போடு இருக்கலாம். அண்மையில் வாங்கிய விறகு அடுப்புக்கு எஃகுக் குழாய் இறக்கியிருக்கலாம். எரிவாயு என்றால் கேஸ் சேஃப் பதிவு பெற்றவர், விறகு அல்லது நிலக்கரி என்றால் ஹெட்டாஸ் பதிவு பெற்றவர் பார்த்து எழுத்தில் தர வேண்டும். உயிருள்ள ஃப்ளூவை அடைத்தால் கார்பன் மோனாக்சைடு திரும்பி அறைக்குள் வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சுவருக்கு அப்பால் உறங்குகிறவர்களின் உயிர் இந்த ஒரு சோதனையில் இருக்கிறது என்பதால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

மூன்று வழிகளில் எது

ஃப்ளூக்களின் நிலை தெரிந்த பிறகுதான் எதை அகற்றுவது என்று முடிவெடுக்க முடியும்.

முதல் வழி, இரு வீட்டாரும் சேர்ந்து முழு ஸ்டாக்கையும் கூரைக்குக் கீழ் வரை எடுத்துவிடுவது. எல்லா ஃப்ளூக்களும் செத்தவை என்றால் இதுவே மிகத் தூய்மையான தீர்வு. மழை ஒழுகும் இடம் ஒன்று இருவருக்கும் குறையும். பழைய ஸ்டாக்கைப் பராமரிக்கும் செலவும் போகும். ஆனால் அண்டை வீட்டார் பிற்காலத்தில் விறகு அடுப்பு வைக்கும் வாய்ப்பை விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதை அவர்களுக்கு வெளிப்படையாகச் சொல்லி, எழுத்தில் சம்மதம் பெற வேண்டும்.

இரண்டாவது வழி, உங்கள் பக்கத்துப் பிரெஸ்டை லாஃப்டில் மட்டும் எடுத்துவிட்டு, மேலே உள்ள ஸ்டாக்கை எஃகு உத்திரங்களால் தாங்கி நிறுத்துவது. அண்டை வீட்டார் அடுப்பை விட மாட்டோம் என்றால் இதுதான் நடைமுறை.

சிலர் இடைவழி ஒன்றைக் கேட்பார்கள்: ஸ்டாக்கை எல்லைக்கோட்டில் பிளந்து உங்கள் பாதியை மட்டும் எடுத்துவிட முடியாதா? இதை நான் பெரும்பாலும் பரிந்துரைப்பதில்லை. இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான ஏ வழிகாட்டி ஆவணத்தின்படி, கூரையைச் சந்திக்கும் உச்சப் புள்ளியிலிருந்து குழலின் நுனி வரை ஸ்டாக்கின் உயரம் அதன் மிகக் குறுகிய அகலத்தைப் போல் 4.5 மடங்கைத் தாண்டக் கூடாது. 0.9 மீட்டர் ஆழமுள்ள ஸ்டாக்குக்கு அந்த வரம்பு 4 மீட்டருக்குச் சற்று மேல். பிளந்துவிட்டால் எஞ்சுவது 0.45 மீட்டர், வரம்பு 2 மீட்டராகச் சுருங்கிவிடும். அதுவரை உள்ளே ஒளிந்திருந்த நடுத்தடுப்பு திடீரென்று வெளிச்சுவர் ஆகிறது: அரைச் செங்கல் கனம், கரி ஊறிய முகம், பாதி உதிர்ந்த இணைப்புகள். ஒரு குளிர்கால மழையைக்கூட அது தாங்காது. இந்த வழிதான் என்றால், அண்டை வீட்டுப் பாதியை அவிழ்த்து முழுச் செங்கல் கனத்தில் மறுபடி கட்டித் தருவதாகத் திட்டமிட வேண்டும். செலவு முழு ஸ்டாக்கை எடுப்பதைவிட மிஞ்சலாம்.

மூன்றாவது வழி, தூணை அப்படியே விட்டு அறையை அதைச் சுற்றி வடிவமைப்பது. அதன் இரு பக்கமும் உள்ள குழிவுகளில் அலமாரிகள் கச்சிதமாக அமையும். தூண் எடுத்துக்கொள்ளும் தரைப்பரப்பு பெரும்பாலும் ஒரு சதுர மீட்டருக்கும் குறைவு. அதற்காக இவ்வளவு தூரம் போவது தகுமா என்று ஒரு மாலை உட்கார்ந்து பேசிப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அண்டை வீட்டு ஃப்ளூ உயிரோடு தங்குமானால் கூரைச் சரிவிலிருந்து துருத்தி நிற்கும் உங்கள் டார்மர் ஜன்னலையும் கவனியுங்கள். அதே கட்டட விதிகளின் ஜே வழிகாட்டி ஆவணத்தின்படி, திட எரிபொருள் ஃப்ளூவின் வாய் திறக்கக்கூடிய ஜன்னலிலிருந்து கிடைமட்டமாக 2.3 மீட்டருக்குள் இருந்தால், அது ஜன்னலின் மேல்விளிம்பைவிடக் குறைந்தது 1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பொதுச் சுவரை உயர்த்திக் கட்டுகிறீர்கள் என்றால், அதிலுள்ள அண்டை வீட்டுப் புகைவழிகளை உரிய உயரத்துக்குக் கொண்டுபோவதும் உங்கள் பொறுப்பு.

அண்டை வீட்டாரும் சட்டமும்

நம் ஊர்ப் பத்திரங்களில் பொதுச்சுவர் என்ற சொல்லைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கருத்து புதிதன்று. இங்கே அதை ஆள்வது 1996ஆம் ஆண்டின் பொதுச் சுவர்ச் சட்டம். 1997 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 2ஆம் பிரிவு, பொதுச் சுவரிலிருந்து உங்கள் பக்கம் துருத்தும் பிரெஸ்டை வெட்டி எடுக்கவும், எஃகு உத்திரத்தைச் சுவருக்குள் செருகவும் உரிமை தருகிறது. அண்டை வீட்டாருக்குச் சுவரின்மேல் ஏற்கெனவே உள்ள உரிமைகளில் குறுக்கிட இச்சட்டம் அனுமதிப்பதில்லை என்று 9ஆம் பிரிவு கூறுகிறது. அவர்களுடைய ஃப்ளூவை அடைப்பதற்கு இச்சட்டத்தைக் காட்ட முடியாது. அதற்கு அவர்களுடைய சம்மதம்தான் வழி.

நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பு நேரில் போய்ப் பேசுங்கள். தபாலில் சட்டப் பிரிவு எண்களோடு ஒரு தாள் வந்து விழுவதற்கும், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி வரைபடத்தை விரித்துக் காட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. ஆனால் பேச்சு நோட்டீஸுக்கு ஈடாகாது. வேலை தொடங்கும் நாளுக்குக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே எழுத்து நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வீடு வாடகைக்கு விடப்பட்டிருந்தால் நோட்டீஸ் உரிமையாளருக்கே போக வேண்டும். இரண்டு ஃபிளாட்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தால் நெடுங்காலக் குத்தகை உரிமையாளர்களுக்கும் நிலத்தின் உரிமையாளருக்கும் தனித்தனியே தர வேண்டும். இதில் ஒருவரை விட்டுவிட்டு, பின்பு முதலிலிருந்து தொடங்க நேர்ந்தவர்கள் உண்டு. பன்னிரண்டு மாதங்களுக்குள் வேலை தொடங்காவிட்டால் நோட்டீஸ் காலாவதியாகும்.

அவர்கள் 14 நாட்களுக்குள் எழுத்தில் சம்மதிக்கலாம். பதிலே வராவிட்டால் மௌனம் சம்மதம் என்று இங்கே கொள்வதில்லை. பிணக்கு எழுந்ததாகவே சட்டம் கருதும். அப்போது இருவரும் ஒப்புக்கொள்ளும் ஒரே சர்வேயரையோ, ஆளுக்கொரு சர்வேயரையோ நியமிக்க வேண்டும். அண்டை வீட்டார் சர்வேயரை நியமிக்கவில்லை என்றால், எழுத்தில் கேட்டு 10 நாட்கள் கழித்து அவர்கள் சார்பில் நீங்களே நியமிக்கலாம். சர்வேயர்கள் வேலையின் முறை, நேரம், பாதுகாப்பு ஆகியவற்றை வரையறுத்து ஒரு தீர்ப்பாணை தருவார்கள். அதை எதிர்த்து 14 நாட்களுக்குள் கவுன்டி நீதிமன்றத்துக்குப் போகலாம். வேலை உங்கள் நலனுக்கானது என்பதால் சர்வேயர் கட்டணம் வழக்கமாக உங்களையே சேரும். அவர்கள் சம்மதித்துவிட்டாலும், அவர்களுடைய சுவர், கூரைத்தளம், பூச்சு ஆகியவற்றின் இப்போதைய நிலையைப் படங்களுடன் பதிவு செய்து இருவரும் கையெழுத்திடுங்கள். ஏற்கெனவே இருந்த விரிசலா, உங்களால் வந்ததா என்ற சண்டைக்கு இடமே இருக்காது.

இன்ஜினியரின் கணக்கும் கவுன்சிலின் அனுமதியும்

கட்டமைப்புப் பொறியாளர் லாஃப்டை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் போதாது. கீழ்த்தளத்தில் பிரெஸ்டை முந்தைய உரிமையாளர் எவரேனும் எடுத்திருக்கிறாரா, எடுத்திருந்தால் மேலே உள்ள செங்கல் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று அவர் தேடிப் பார்க்க வேண்டும். மரக்கட்டைகளின்மேல் டன் கணக்கில் செங்கல் நின்றுகொண்டிருப்பதை மேற்கூரைப் பலகையைப் பெயர்த்தபோதுதான் கண்ட வீடுகள் இருக்கின்றன. அண்டை வீட்டுப் பக்கமும் அவர் போய்ப் பார்க்க வேண்டும்: அவர்கள் தங்கள் பிரெஸ்டை முன்பே எடுத்திருந்தால், சுவருக்கு முட்டாக இருந்த ஒரு பக்கம் ஏற்கெனவே போய்விட்டது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, கைமரங்களைத் தாங்கும் குறுக்கு உத்திரத்தின் முனை பழைய வீடுகளில் பிரெஸ்டின்மேல் உட்கார்ந்திருக்கக்கூடும் என்பது. புதிய எஃகு உத்திரங்கள் கூரையின் சுமையை ஏற்ற பிறகுதான் அந்தச் செங்கலைத் தொட வேண்டும். புதிய உத்திரத்தின் முனை பதியும் இடத்தில் ஃப்ளூ இருக்கிறதா என்பதையும் முன்பு எடுத்த குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வெற்றிடத்தின்மேல் தாங்குகல் வைத்துப் பயனில்லை.

எஞ்சும் ஸ்டாக்கைத் தாங்க, சுவரில் போல்ட் அடித்துப் பொருத்தும் முக்கோண இரும்புத் தாங்கிகளைச் சில பில்டர்கள் முன்மொழிவார்கள். கேலோஸ் பிராக்கெட் என்பார்கள். பல கவுன்சில்கள் இவற்றை ஏற்பதில்லை. அண்டை வீட்டார் தங்கள் பிரெஸ்டை எடுத்துவிட்ட இடத்தில் இவை ஆபத்தானவையும்கூட, ஏனெனில் முழுச் சுமையும் சுவரை ஒரு பக்கமாக இழுக்கும். இரு முனையும் உறுதியான சுவரில் பதியும் எஃகு உத்திரமே என் தேர்வு.

பிரெஸ்டை எடுத்தபின் எஞ்சும் சுவரின் கனத்தையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். இரு வீட்டு ஃப்ளூக்களுக்கு நடுவே வெறும் அரைச் செங்கல்தான் இருக்கிறது என்றால், அவ்விடத்தில் ஒலித்தடுப்பும் தீத்தடுப்பும் குறைந்துவிடும். உங்கள் பக்கம் செங்கல் கட்டிக் கனத்தைக் கூட்ட வேண்டும். இந்தக் கணக்குகள் யாவும் கட்டடக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் போய், அவர் ஒப்புதல் தந்தபின்தான் வேலை தொடங்க வேண்டும்.

திட்ட அனுமதியைப் பொறுத்தவரை, சாதாரண வீட்டில் லாஃப்ட் விரிவாக்கம் வரிசை வீட்டுக்கு 40 கன மீட்டர், மற்றவற்றுக்கு 50 கன மீட்டர் வரை தனி விண்ணப்பமின்றி, உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அனுமதிக்கப்படுகிறது. வீடு பாதுகாக்கப்பட்ட பகுதியிலோ பாரம்பரியப் பட்டியலிலோ இருந்தால், ஒரு செங்கலைத் தொடும் முன் கவுன்சிலைக் கேளுங்கள். குழல்களுக்குள் ஜாக்டா காக்கைகள் கூடு கட்டும். பயன்பாட்டில் உள்ள கூட்டைக் கலைப்பது 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். லாஃப்டில் வௌவால் எச்சம் தென்பட்டால் வேலையை நிறுத்தி வல்லுநரை அழைக்க வேண்டும்.

இடிக்கும் நாட்கள்

சாரம் இரு கூரைகளையும் தழுவி நிற்க வேண்டும். அண்டை வீட்டு நிலத்தில் ஏற 14 நாள் முன்னறிவிப்பு தேவை. அவர்கள் வீட்டு அடுப்புத் துளைகளை முந்தைய நாளே தடித்த பிளாஸ்டிக் விரிப்பாலும் நாடாவாலும் அடைத்துவிடுங்கள். உயிருள்ள அடுப்பை எரிக்கக் கூடாது என்று எழுதி ஒட்டுங்கள். கரி ஒருமுறை கம்பளத்தில் இறங்கினால் எளிதில் போகாது.

வேலை மேலிருந்து கீழே, ஒரு வரிசைக்குப் பின் ஒரு வரிசையாக, கைச்சுத்தியலாலும் உளியாலும் நடக்க வேண்டும். சுண்ணாம்புக் கலவை பழையது என்பதால் செங்கல் பெரும்பாலும் தானாகவே பெயர்ந்து வரும். அதிர்வு இயந்திரத்தைப் பொதுச் சுவரில் வைத்தால் அண்டை வீட்டுப் பூச்சு சுவரை விட்டு விலகும். உதிர்ந்த செங்கலை ஃப்ளூவுக்குள் போட்டுவிடும் பழக்கத்தைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். அது வளைவில் சிக்கி, பலவீனமான நடுத்தடுப்பை உடைத்து, அண்டை வீட்டு வழியை அடைத்துவிடும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. எல்லா இடிபாடும் சாரத்துக் குழாய்வழியாகத் தொட்டிக்கே போக வேண்டும். ஸ்டாக்கை அப்படியே நிறுத்திப் பிரெஸ்டை மட்டும் எடுப்பதானால் ஒழுங்கு வேறு: முதலில் தற்காலிக முட்டுகள், பிறகு உத்திரம், உத்திரத்துக்கும் செங்கலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் சுருங்காத கலவையை இறுக்கிக் கெட்டியாக்குதல், அது இறுகிய பின்னரே கீழே வெட்டுதல். உத்திரமும் அதன் முனைகளும் மூடப்படும் முன் கட்டடக் கட்டுப்பாட்டு அலுவலர் வந்து பார்க்க வேண்டும்.

மூடுவதும் மீண்டும் சோதிப்பதும்

ஸ்டாக் முழுதாகப் போனால் கூரையில் ஒரு பெரிய துளை இரு வீடுகளிலும் பிறக்கும். புதிய கைமரங்கள், மென்தாள், சட்டம், ஒத்த நிற ஓடு என்று உங்கள் பக்கம் செய்வதையே அவர்கள் பக்கமும் அதே நாளில் செய்து முடியுங்கள். பொதுச் சுவரை ஓட்டின் அடிப்பாகம் வரை கட்டி, எஞ்சும் இடுக்கில் தீத்தடுப்புக் கம்பளியை இறுக்கித் திணிக்க வேண்டும். தூண் நின்ற இடம் திறந்தே விடப்பட்டால் தீ ஒரு லாஃப்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும். ஸ்டாக் தங்கினால் அதைச் சுற்றிய ஈயத் தகடுகளைப் புதுப்பியுங்கள். சாரம் நிற்கும்போதே செய்வது சிக்கனம்.

கீழ்த்தளங்களில் பிரெஸ்ட் தொடர்ந்து நிற்குமானால், செத்த ஃப்ளூவை இருமுனையும் காற்றுப்புகாமல் அடைக்காதீர்கள். கீழே ஒரு சல்லடையும் மேலே வெளிக்காற்றுக்கு ஒரு துளையும் இருக்கட்டும். கரியில் ஊறிய உப்புகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, சுவரில் தேநீர் சிந்தியது போன்ற பழுப்புக் கறையாக வெளிவரும். அதன்மேல் எத்தனை முறை வண்ணம் பூசினாலும் திரும்பத் திரும்ப வரும். லாஃப்டில் பிரெஸ்ட் இருந்த இடத்திலும் இதே கறை வரும் என்பதால், அங்கே நேரடியாகப் பூசாமல் சுவரிலிருந்து விலக்கிய சட்டத்தின்மேல் பலகை அடிப்பது நல்லது.

அடைப்புகளை எல்லாம் எடுத்தபின், முதலில் வந்த துப்புரவாளரையே அழைத்து அண்டை வீட்டு அடுப்புகளில் புகைச் சோதனையை மீண்டும் நடத்துங்கள். அவர்களும் உடன் நின்று பார்க்கட்டும். அடுப்பு எரிவாயு என்றால் கேஸ் சேஃப் பொறியாளர் மீண்டும் இயக்கிப் பார்த்துச் சான்று தர வேண்டும்; அதுவரை அதைப் பற்றவைக்கக் கூடாது. சோதனை அறிக்கை, உத்திரக் கணக்கு, பொதுச் சுவர்த் தீர்ப்பாணை அல்லது சம்மதக் கடிதம், கட்டடக் கட்டுப்பாட்டின் நிறைவுச் சான்றிதழ் ஆகியவற்றில் ஒரு படியை அவர்களிடம் கொடுத்துவிட்டு, இன்னொரு படியை உங்கள் வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வழக்கறிஞர் இவற்றைக் கேட்பார்.